செஸ் பெற்றோர் குழு: ஒரே நேரத்துல ரெண்டு போர்டு ஆடலாமா?

பி பிளாக் அக்கா, காலை 7:42
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் ரெண்டு டோர்னமென்ட் ஒரே தேதியில வருது. ஓப்பன் 9 ரவுண்டு, 90+30 (ஒருத்தருக்கு 90 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 30 செகண்ட் கூடும்). பக்கத்து ஹால்லயே 15 வயசுக்குட்பட்டோர் 9 ரவுண்டு, 60+30. ரெண்டும் ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) ரேட்டிங், அதாவது ஆடுறவரோட பலத்தைக் காட்டுற எண்ணுக்கு கணக்காகும். பையன் ரெண்டுலயும் பேர் கொடுக்கலாமா? ஹால் பக்கத்துலதானே, அங்க ஒரு மூவ், இங்க ஒரு மூவ்னு ஆடிட மாட்டானா?

ஏ பிளாக் தம்பி, காலை 7:45
அக்கா, அது செஸ்ஸா, ரிலே ரேஸா 😄

ஆர்பிட்டர் சார், காலை 7:58
சிரிக்காதீங்க தம்பி, இதை நிறைய பேர் கேக்கிறாங்க. ஒரே தேதின்னா பிரச்சினை இல்ல. ஒரே நேரம்னாதான் பிரச்சினை.

ஃபிடே விதி 11.2.2 பாருங்க. யாரோட மூவோ, அவர் ஆர்பிட்டர் (நடுவர்) அனுமதி இல்லாம ஆடுற இடத்தை விட்டுப் போகக்கூடாது. மூவ் போட்டு கிளாக்கை அமுக்கினதும் எழுந்து நடக்கலாம், ஆனா வளாகத்தை விட்டு வெளியே போறதுக்கு அப்பவும் கேக்கணும். பக்கத்து ஹால் வேற டோர்னமென்ட், அது நம்ம வளாகத்துல சேராது.

அடுத்தது 11.3.1. ஆட்டம் நடக்கிறப்போ குறிப்பு, வெளி ஆலோசனை எதுவும் கூடாது. வேற போர்டுல எந்த ஆட்டத்தையும் அலசக்கூடாது. "எந்த ஆட்டத்தையும்"னா தன்னோட இன்னொரு ஆட்டமும் அதுக்குள்ளதான் வரும். ரெண்டாவது போர்டு முன்னாடி உக்காந்து யோசிக்கிறதே அலசுறதுதானே.

கோச் அண்ணா, காலை 8:06
விதியை விடுங்க, கிளாக்கே விடாது. இங்க யோசிச்சிட்டு இருக்கிறப்போ அங்க எதிராளி மூவ் போட்டு அமுக்கிட்டா அங்கயும் பையனோட டைம்தான் ஓடும். ரெண்டு கிளாக்கும் சேந்து ஓடுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அவன் ரெண்டு நிமிஷம் கொடுக்கிறான். 30 செகண்ட் இன்க்ரிமென்டும் காப்பாத்தாது, அது மூவ் போட்டு அமுக்கினாதான் ஏறும். கடைசி அஞ்சு நிமிஷத்துலயும் ஸ்கோர் ஷீட் (போட்ட மூவ்களைக் குறிக்கிற தாள்) எழுதியே ஆகணும், 30 செகண்ட் கூடுற ஆட்டத்துல அதுக்கு விலக்கு கிடையாது. ரெண்டு ஷீட்டை எப்படி எழுதுவான்?

பி பிளாக் அக்கா, காலை 8:11
சரி சார், ஒரே நேரம் வேணாம். ஓப்பன் காலையில 10, மத்தது மதியம் 2-ன்னு இருந்தா?

ஆர்பிட்டர் சார், காலை 8:20
இங்கதான் கணக்கு போடணும். 60 மூவ் ஆட்டத்துக்கு 90+30-ல ஒருத்தருக்கு 90 நிமிஷம், கூட 60 தடவை 30 செகண்ட், அதாவது 30 நிமிஷம். ஆக 120. ரெண்டு பேருக்கும் 4 மணி நேரம். 10-க்கு ஆரம்பிச்சா சரியா 2 மணி.

ஆனா ஆட்டம் 60 மூவ்ல முடியணும்னு யார் சொன்னா? ரூக் எண்ட்கேம்ல 90 மூவ் போச்சுன்னா ஒருத்தருக்கு 135 நிமிஷம், மொத்தம் 4½ மணி நேரம். மணி 2:30. அங்க 2 மணிக்கே கிளாக் போட்டிருப்பாங்க. வெள்ளை இவன்னா இவன் டைம் நேரா கரையும். கருப்புன்னா எதிராளி மூவ் போட்டு அமுக்கின நொடியில இருந்து கரையும். டிஃபால்ட் டைம் (தாமதமா வர அனுமதிக்கிற நேரம்) தாண்டிட்டா ஆட்டமே போச்சு. அது எத்தனை நிமிஷம்னு ப்ராஸ்பெக்டஸ்ல (டோர்னமென்ட் அறிவிப்புல) போட்டிருக்கும், பேர் கொடுக்கிறதுக்கு முன்னாடி அதைப் படிங்க.

சி பிளாக் அப்பா, காலை 8:24
சார், டிஃபால்ட்ல தோத்தா ரேட்டிங் குறையுமா?

ஆர்பிட்டர் சார், காலை 8:27
குறையாது. ஆடாத ஆட்டம் ரேட்டிங் கணக்குக்கே வராது. ரெண்டு பேரும் ஒரு மூவாவது போட்டிருந்தா மட்டும்தான் கணக்கு. ஆனா பாயின்ட் போகும். சொல்லாம வராம இருந்தா, விலகிட்டான்னு எடுத்துக்கிட்டு அடுத்த ரவுண்டு பேரிங்ல (யார் யாரோட ஆடணும்ங்கிற ஜோடிப் பட்டியல்ல) சேக்காமலும் விடலாம். எதிர்ல உக்காந்திருக்கிற பிள்ளைக்கும் நஷ்டம்: ஒரு பாயின்ட் கிடைக்கும், ரேட்டட் ஆட்டம் கிடைக்காது. வெளியூர்ல இருந்து ரூம் போட்டு வந்த குடும்பத்துக்கு அது எரிச்சலாத்தான் இருக்கும்.

ஒரு ரவுண்டு வர முடியாதுன்னா, பேரிங் போடுறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுங்க. அரை பாயின்ட் பை (ஆடாமலே கிடைக்கிற அரை பாயின்ட்) உண்டான்னு அந்தந்த டோர்னமென்ட் விதியைப் பாக்கணும். அதுல இல்லேன்னா அந்த ரவுண்டுக்கு பூஜ்யம்தான்.

ஏ பிளாக் தம்பி, காலை 8:33
ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டு வெக்கலாம்னு வரம்பு இருக்குல்ல சார்?

ஆர்பிட்டர் சார், காலை 8:36
இருக்கு. நடத்துறவங்க ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல ஆட்டம் வெக்கக்கூடாது, அதையும் 60 மூவ் கணக்குலதான் பாப்பாங்க. 90+30-னா மூணு ரவுண்டு, 60+30-னா நாலு. டைட்டில் நார்ம் (கிராண்ட்மாஸ்டர் மாதிரி பட்டத்துக்கான தகுதி) டோர்னமென்ட்னா ரெண்டு ரவுண்டோட நிறுத்தணும். 2400 ரேட்டிங்கோ அதுக்கு மேலயோ ஒருத்தர் இருந்தாலும் ஒவ்வொருத்தருக்கும் 120 நிமிஷம் வேணும், அதனாலதான் பெரிய ஓப்பன் எல்லாம் 90+30.

கோச் அண்ணா, காலை 8:41
12 மணி நேரம்ங்கிறது உச்ச வரம்புதான், அவ்வளவும் ஆடியே ஆகணும்னு இல்ல. காலையில 4 மணி நேரம், மதியம் 3 மணி நேரம் ஆடுற பையன் மூணாவது நாள் காலையில சும்மா நிக்கிற குதிரையை விட்டுட்டு வருவான். என் கருத்து, ஒண்ணு போதும்.

சி பிளாக் அப்பா, காலை 8:44
ஆனா ரெண்டு ஆடினா ரேட்டிங் ரெண்டு மடங்கு ஏறுமே அண்ணா?

கோச் அண்ணா, காலை 8:52
அதான் இல்ல சார். 18 வயசுக்குக் கீழ, ரேட்டிங் 2300-க்குக் கீழன்னா கே ஃபேக்டர் (ஒரு ஆட்டத்துல ரேட்டிங் எவ்வளவு மாறும்னு சொல்ற பெருக்கு எண்) 40. சம ரேட்டிங் ஆளை ஜெயிச்சா 20 பாயின்ட். ஆனா ஒரு மாச லிஸ்ட்டுல ஆட்ட எண்ணிக்கையை கே-யால பெருக்கினா 700-ஐத் தாண்டக்கூடாது. 17 ஆட்டம்னா 680, தப்பிச்சது. ரெண்டு டோர்னமென்ட்டும் முழுசா ஆடினா 18, அப்போ 720. கே 38-ஆ இறங்கும். அதே ஜெயம் 19 பாயின்ட்தான். மூணு டோர்னமென்ட், 27 ஆட்டம்னா கே 25, ஜெயத்துக்கு பன்னிரண்டரை.

இன்னொண்ணு, ஒண்ணுல ஏறின ரேட்டிங் அந்த வாரமே இன்னொண்ணுல எதிரொலிக்காது. டோர்னமென்ட் ஆரம்பிக்கிற அன்னிக்கு லிஸ்ட்டுல இருக்கிற ரேட்டிங்தான் கடைசி வரைக்கும்.

பி பிளாக் அக்கா, காலை 9:03
அப்போ கிராண்ட்மாஸ்டர் ஒருத்தரே 25 பேரோட ஒரே நேரத்துல ஆடுறாரே, அது எப்படி? ஞாயித்துக்கிழமை நம்ம கிளப் ஹவுஸ்ல அந்த மாதிரி சிமுல் இருக்கே, அதுல டிரா பண்ணினா ரேட்டிங் வருமா?

ஆர்பிட்டர் சார், காலை 9:09
வராது. சாதா சிமுல்ல கிளாக்கே கிடையாது. ரேட்டிங்னா ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சபட்ச நேரம், முன்கூட்டிப் பதிவு எல்லாம் வேணும். அப்போதைய உலக சாம்பியன் கபாபிளாங்கா 1922-ல கிளீவ்லாந்துல 103 போர்டு ஆடி 102 ஜெயிச்சார், ஒண்ணு டிரா. ஈரான் கிராண்ட்மாஸ்டர் காயெம் மகாமி 2011-ல டெஹ்ரான்ல 604 போர்டு, 25 மணி நேரத்துக்கு மேல: 580 ஜெயம், 16 டிரா, 8 தோல்வி. எல்லாம் சாதனைப் பட்டியலுக்குத்தான்.

கோச் அண்ணா, காலை 9:14
கிளாக் சிமுலும் உண்டு. 1985-ல ஹாம்பர்க் கிளப் அணியோட 8 போர்டுல காஸ்பரோவ் ஆடி 3½–4½-ன்னு தோத்தார். எட்டு கிளாக்கும் ஒரே ஆளுக்கு சேந்து ஓடினா என்ன ஆகும்னு அது காட்டிச்சு. 1987-ல திரும்ப வந்து 7–1.

மூணாம் மாடி தாத்தா, காலை 9:21
குழந்தைகளா, தபால் செஸ்ஸை மறந்துட்டீங்களே. ஐசிசிஎஃப்ல (சர்வதேச தபால் செஸ் சம்மேளனம்) ஒரு பிரிவுல இருக்கிற எல்லார் கூடவும் ஒரே நாள்ல ஆட்டம் ஆரம்பிக்கும். அத்தனையும் ஒரே சமயத்துல, அத்தனையும் ரேட்டிங். 10 மூவுக்கு 50 நாள்னு கொடுப்பாங்க, போர்டுல வெச்சு எவ்வளவு வேணா அலசலாம், என்ஜினும் (மூவ் சொல்ற கம்ப்யூட்டர் புரோகிராம்) போடலாம். ஆனா அது தனி ரேட்டிங், ஃபிடேவோட கலக்காது.

ஏ பிளாக் தம்பி, காலை 9:25
லிசெஸ் ஆன்லைன் செஸ் தளத்துலயும் அப்படித்தான் தாத்தா. நாள் கணக்குல ஆடுற கரஸ்பாண்டன்ஸ் ரேட்டட் ஆட்டம் பல வெச்சுக்கலாம். சிமுல் ஆட்டம் மட்டும் ரேட்டிங்ல சேராது.

கோச் அண்ணா, காலை 9:33
ஞாயித்துக்கிழமை வர்ற பிள்ளைங்களுக்கு: மாஸ்டர் உங்க போர்டுக்கு வந்து நின்ன பிறகுதான் மூவ் போடணும், முன்னாடியே போட்டு வெக்காதீங்க. அவரோட மூவ், அடுத்த போர்டுல கை வெக்கிற வரைக்கும் இறுதி இல்ல, மாத்திக்குவார். பாஸ் (மூவ் போடாம அவரை அடுத்த போர்டுக்கு அனுப்புறது) எத்தனைன்னு ஆரம்பத்துல சொல்லுவாங்க, அதை ஓப்பனிங்லயே செலவு பண்ணாதீங்க. போர்டுக்கு 10 செகண்ட்னா 25 போர்டு சுத்தி வர 4 நிமிஷம் ஆகும். 5 போர்டு மிச்சம் இருக்கிறப்போ 50 செகண்ட்ல திரும்ப நிப்பார். அப்பத்தான் பாஸ் வேணும்.

பி பிளாக் அக்கா, காலை 9:40
சரி, ஓப்பன் மட்டும் கொடுக்கிறேன். சிமுலுக்கு செஸ் போர்டு கொண்டு வரணுமா அண்ணா?

கோச் அண்ணா, காலை 9:41
போர்டு, காய் அசோசியேஷன்ல இருந்து வருது அக்கா. பேனா மட்டும் கொண்டு வரச் சொல்லுங்க, போன தடவை 25 பேருக்கு 6 பேனாதான் இருந்துச்சு.