சராசரி ஆயுள் 42 என்றால் 42 வயதில் எல்லோரும் இறந்தார்களா?

கேள்வி:
முற்காலத்து மக்களின் சராசரி ஆயுள் முப்பது, நாற்பது ஆண்டுகளே என்று படிக்கிறோம். ஆனால் அதே காலத்தில் எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தவர்களைப் பற்றியும் படிக்கிறோம். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? மேலும், 2023ஆம் ஆண்டின் உலகச் சராசரி சுமார் 73 என்கிறார்கள். அன்று பிறந்த குழந்தைகளின் ஆயுளை யாரால் முன்கூட்டியே சொல்ல முடியும்?

மறுமொழி 1:
முதல் ஐயத்துக்கு விடை பெரும்பாலும் குழந்தை இறப்பில் இருக்கிறது. பிறந்த 100 குழந்தைகளில் 30 பேர் சில நாட்களிலேயே இறந்துவிட, மற்ற 70 பேரும் சரியாக 60 வயது வரை வாழ்ந்ததாகக் கொள்வோம். சராசரி ஏறத்தாழ 42 ஆகும்; ஆனால் அவர்களில் ஒருவர்கூட 42 வயதில் இறக்கவில்லை. அதற்காக எல்லாப் பழியையும் குழந்தை இறப்பின் மேல் போட்டுவிடவும் கூடாது. தொற்றுநோய்களாலும் மகப்பேற்றின்போதும் நடுவயதில் இறந்தவர்களும் அன்று மிகுதி.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அது முன்கணிப்பே அன்று. ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் நிலவிய இறப்பு விகிதங்கள் இனி என்றும் மாறாமல் இருக்குமானால், அன்று பிறந்த குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டுகள் வாழும் என்பதை ஆயுள் அட்டவணை (ஒவ்வொரு வயதுக்கும் உரிய இறப்பு வாய்ப்பையும் சராசரியாக எஞ்சிய ஆயுளையும் வரிசையாகக் காட்டும் பட்டியல்) கொண்டு கணக்கிடுகிறார்கள். (வால்மீனால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலிதான் 1693இல் பிரெஸ்லாவ் நகரத்தின் பதிவுகளிலிருந்து இத்தகைய அட்டவணை ஒன்றை வெளியிட்டார்.) 1918இல் பரவிய இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயால் அமெரிக்காவில் இந்த எண் சுமார் 51இலிருந்து 39ஆக வீழ்ந்து, அடுத்த ஆண்டே 54ஐத் தாண்டியது. 1918இல் பிறந்தவர்கள் 39 வயதோடு முடிந்துபோகவில்லை. அந்த ஓராண்டின் இறப்பு விகிதங்கள் அவர்களின் வாழ்நாள் முழுவதும் நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே அந்த எண் காட்டியது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், 70 வயதானவருக்கு இன்னும் மூன்றே ஆண்டுகள் என்று கொள்வதும் பிழைதானே?

மறுமொழி 2:
பிழைதான். 73 என்பது இளம் வயதில் இறப்பவர்களையும் சேர்த்த சராசரி. 70ஐ எட்டியவர் அந்த இடர்களையெல்லாம் ஏற்கெனவே கடந்துவிட்டார். அவருக்கு எஞ்சிய ஆயுளை அட்டவணையில் 70 வயதுக்குரிய வரிசையில்தான் பார்க்க வேண்டும். உலக அளவில் அது பத்து ஆண்டுகளுக்கும் மேல். அதுவும் சராசரியே என்பதால், ஏறத்தாழ பாதிப்பேர் அதையும் தாண்டி வாழ்வார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.