'லேடி இன் த லேக்': அந்த மேசை எந்தக் கணக்கில்?

ஒற்றைக்கண்: 1947-இல் வந்த 'லேடி இன் த லேக்' பற்றி இங்கே ஒரு மேதை எழுதியிருக்கிறார்: "முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை கேமராதான் துப்பறிவாளர் மார்லோ. ஓரிடத்திலும் அவரை வெளியிலிருந்து பார்ப்பதில்லை." படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா? படத்தை இயக்கி மார்லோவாகவும் நடித்த ராபர்ட் மாண்ட்கோமரி மேசையருகே உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் பேசுவதில்தான் படமே தொடங்குகிறது. நடுவிலும் வருகிறார், முடிவிலும் வருகிறார்.

பழையசுருள்: அந்த 'மேதை' நான்தான். பெயர் சொல்லாமல் குத்துவது உங்களுக்குக் கைவந்த கலை. மேசைக் காட்சிகள் வெறும் முன்னுரை. கதை நடக்கும்போது கேமரா மார்லோவின் கண்ணை விட்டு நகர்வதில்லை. மார்லோ விசாரிக்கப் போகும் லேவரி விடும் குத்து நேராக லென்ஸில் வந்து விழுகிறதே, அதை மறந்துவிட்டீர்களா?

ஒற்றைக்கண்: குத்து விழுந்ததை யார் மறுத்தார்கள்? நான் கேட்பது மேசையை. கடைசியில், மார்லோவை வேலைக்கு அமர்த்திய ஏட்ரியன் ஃபிராம்செட் மார்லோவின் அலுவலகத்துக்கே வந்து முத்தமிடுகிறாள், இருவரையும் வெளியிலிருந்து பார்க்கிறோம். படத்தின் கடைசியில் வரும் முத்தம் எந்த ஊரில் முன்னுரை?

நிழல்வாசி: கண்ணாடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றிலும் மாண்ட்கோமரியின் முகம் தெரிகிறது.

பழையசுருள்: கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதும் மார்லோவின் கண்தானே ஐயா! 1931-இல் இயக்குநர் மமூலியன் எடுத்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' தொடக்கத்திலேயே இதைச் செய்துவிட்டார்.

ஒற்றைக்கண்: கண்ணாடியை உங்களுக்கே விட்டுத்தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். மேசை?

ஏரிக்கரை: மேசை கிடக்கட்டும், ஏரி எங்கே? தலைப்பில் ஏரி, படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை! ரேமண்ட் சாண்ட்லர் 1943-இல் எழுதிய நாவலில் மலையும் ஏரியும் மிதந்துவரும் பிணமும்தான் உயிர். இங்கே அந்தப் பகுதி முழுவதையும் மார்லோ மேசையிலிருந்து வாயாலேயே சொல்லி முடித்துவிடுகிறார். நாவலில் கோடைக்காலம்; இவர்கள் கிறிஸ்துமஸ் ஆக்கிவிட்டார்கள். சாண்ட்லரே படத்தைத் தயாரித்த எம்ஜிஎம் நிறுவனத்துக்குத் திரைக்கதை எழுதத் தொடங்கிப் பாதியில் விலகிக்கொண்டார். படித்தவர்களுக்குத் தெரியும்.

ஒற்றைக்கண்: நன்றி. ஏரிக் கதையையே மேசையிலிருந்துதான் சொல்கிறார் என்று இவரே சொல்லிவிட்டார். அதுவும் முன்னுரையா, பழையசுருள்?

ஏரிக்கரை: உங்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நாவலும் முழுக்க மார்லோ 'நான்' என்று சொல்லும் கதைதான். அதற்குக் கேமரா வித்தை எதுவும் தேவைப்படவில்லை.

நிழல்வாசி: வித்தை என்று தள்ளிவிடாதீர்கள். லென்ஸைப் பார்க்கக் கூடாது என்று பழகிய நடிகர்கள் காட்சி முழுக்க லென்ஸையே பார்த்து நடிக்க வேண்டும். ஏட்ரியனாக வரும் ஆட்ரி டாட்டரின் புருவம் ஏறி இறங்குவதை மட்டும் பாருங்கள். போலீஸ்காரராக வரும் லாயிட் நோலனும் சளைத்தவர் அல்ல.

பழையசுருள்: இவ்வளவு தூரம் துணிந்த படம் அந்தக் காலத்தில் வேறு எது? அதே ஆண்டில் வந்த 'டார்க் பாசேஜ்' கூட, போகார்ட்டின் கதாபாத்திரத்துக்கு முக அறுவைச் சிகிச்சை முடிந்ததும் சாதாரணக் கேமராவுக்குத் திரும்பிவிடுகிறது.

ஒற்றைக்கண்: அதில் ஒரு காரணம் இருக்கிறது: புதிய முகம் கிடைக்கும் வரை பழைய முகத்தைக் காட்டக் கூடாது. உங்கள் படத்தில் என்ன காரணம்? 'நீங்களும் மாண்ட்கோமரியும் சேர்ந்து கொலையைத் துப்பறியலாம்' என்று விளம்பரம் செய்தார்கள். நானா துப்பறிந்தேன்? அவர் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பினேன், அவ்வளவுதான். கதை இழுக்காத இடத்தில் மேசைக்கு வந்து விளக்கம் சொல்கிறார். கண்ணை மட்டும் வைத்துக் கதை நகரவில்லை என்பதற்கு அந்த மேசையே சாட்சி.

பழையசுருள்: ஹிட்ச்காக் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் விரட்டினீர்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஒற்றைக்கண்: அப்போதும் நான் சொன்னதுதான் சரி.

நிழல்வாசி: கார் விபத்துக்குப் பிறகு மார்லோ தரையில் ஊர்ந்துபோகும் காட்சியைப் பற்றி யாராவது பேசுவீர்களா? படத்திலேயே உருப்படியான இடம் அதுதான்.

ஒற்றைக்கண்: பேசலாம். "ஓரிடத்திலும்" என்ற வார்த்தையை அவர் முதலில் அழிக்கட்டும்.

பழையசுருள்: அழிக்க மாட்டேன்.

ஏரிக்கரை: ஏரியைக் காட்டாததற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.