புதுப்பிப்பு: டிரெப் மரபணு எந்நேரமும் இயங்க வேண்டுமா?

படியெடுத்தல் காரணிகளை (மற்ற மரபணுக்களை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் புரதங்களை)ப் பற்றிய என் முந்தைய இழையில், அப்படியொரு காரணியை உருவாக்கும் டிரெப்1ஏ மரபணுவை எந்நேரமும் இயங்க வைத்தால் செடி வறட்சியைத் தாங்கும் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் சிறு செடியான அராபிடாப்சிஸில் அப்படிச் செய்தால் செடி வறட்சி, உப்பு, உறைகுளிர் மூன்றையும் தாங்குகிறது. ஆனால் வளர்ச்சி மிகவும் குன்றி, குட்டையாகவே நின்றுவிடுகிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். நெருக்கடி வந்தால் மட்டும் முடுக்கிவிடப்படும் ஆர்டி29ஏ புரோமோட்டரை (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. சுவிட்சை) அந்த மரபணுவுக்கு முன்னால் வைத்தார்கள். செடி ஏறக்குறைய இயல்பாக வளர்ந்தது, தாங்கும் திறனும் கூடியது. எவ்வளவு அழகான தீர்வு!

அப்புறம், நாக் (NAC) என்ற இன்னொரு படியெடுத்தல் காரணிக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அராபிடாப்சிஸில் மட்டும் அதற்கு 100-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். விதையிலைகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்ப்பதும், வறட்சியில் கைகொடுப்பதும் அதே குடும்பத்து மரபணுக்கள்தான்.