முதல் ஹாட்ரிக் எந்த ஹைதராபாத்தில்?

வினாடிவினா வாத்தியார்:
பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் கேள்விகள் தயாரிக்கிறேன். ஒருநாள் ஆட்டங்களில் முதல் ஹாட்ரிக் (அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்) எடுத்தவர் பாகிஸ்தானின் ஜலாலுதீன், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, ஹைதராபாத்தில், 1982 என்று ஒரு தொகுப்பில் இருக்கிறது. இந்த இரண்டு அணிகளும் சார்மினார் ஊருக்கு வந்து எதற்காக ஆடின?

கடைசி ஓவர்:
அது சிந்து மாகாணத்து ஹைதராபாத், சார். கராச்சியிலிருந்து வடகிழக்கே, சிந்து நதிக்கரையில். மைதானத்தின் பெயர் நியாஸ் ஸ்டேடியம்.

பழைய ஸ்கோர்கார்டு:
அதேதான். 1982 செப்டம்பர் 20. மார்ஷ், யார்ட்லி, லாசன் மூவரும் அடுத்தடுத்த பந்துகளில் போனார்கள்.

இந்த ஊர்ப் பெயர் இன்னொரு இடத்திலும் ஆளைக் குழப்பும். 1983 ஜனவரியில் இந்தியா பாகிஸ்தானோடு அங்கே டெஸ்ட் ஆடியது. பாகிஸ்தானின் மியாண்டட் 280 நாட் அவுட், முதசர் நாசர் 231, இருவரும் சேர்ந்து மூன்றாவது விக்கெட்டுக்கு 451. மியாண்டட் முச்சதத்தை நெருங்கும்போது கேப்டன் இம்ரான் அடித்தது போதும் என்று டிக்ளேர் செய்துவிட்டார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. ‘இந்தியா, ஹைதராபாத்’ என்று மட்டும் பார்க்கிறவர் இதைச் சொந்த மண்ணில் நடந்த டெஸ்ட் என்றே எழுதிவைப்பார்.

1987 உலகக் கோப்பையில் இரண்டு ஊர்களிலுமே ஆட்டம். அக்டோபர் 8, முதல் ஆட்டம், நியாஸ் ஸ்டேடியத்தில் பாகிஸ்தானும் இலங்கையும், மியாண்டட் சதம். அக்டோபர் 10, நம் ஹைதராபாத்தின் லால் பகதூர் சாஸ்திரி மைதானத்தில் நியூசிலாந்தும் ஜிம்பாப்வேயும். ஜிம்பாப்வேக்கு இலக்கு 243. டேவ் ஹௌட்டன் ஒற்றை ஆளாக 142 அடித்தார், எட்டாவது விக்கெட்டுக்கு புச்சார்ட் துணை நின்றார். அப்படியும் 3 ரன்னில் தோற்றார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கோப்பையின் மிக அருமையான ஆட்டம் அதுதான்.

தயவுசெய்து கேள்வித்தாளில் நாட்டின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள் சார். சின்ன வயதில் தப்பாகப் பதிந்தது லேசில் போகாது.

வினாடிவினா வாத்தியார்:
சேர்த்துவிட்டேன், ரொம்ப நன்றி. அப்புறம், இரண்டில் எது மூத்த ஊர்?

லாட் பஜார்:
நம்முடையது. முகம்மது குலி குதுப் ஷா 1591-இல் நிறுவியது. சிந்து ஹைதராபாத்தை 1768-இல் குலாம் ஷா கல்ஹோரா நிறுவினார். இரண்டுமே வளையலுக்குப் பேர்போனவை: இங்கே அரக்கு வளையல், அங்கே கண்ணாடி வளையல். இதையும் ஒரு கேள்வியாக வைக்கலாமே.