கிறிஸ்மஸ் நைட் டூட்டி, வீங்கின கால்: நீங்க பார்த்ததை எழுதுங்க

குழந்தை வார்டு:

மனசை விட்டுப் போகமாட்டேங்குது, அதான் எழுதுறேன். டிசம்பர் வந்தா நம்ம குமரி மாவட்டத்துப் பக்கம் ஸ்டார் கட்டாத வீடு கிடையாது. எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தி 22ஆம் தேதி மாடியில ஸ்டார் கட்ட ஏணியில ஏறி, இறங்குறப்போ ஈரத்துல சறுக்கி, வலது கால் உள்பக்கமா மடங்கிடுச்சு. 24ஆம் தேதி நைட் டூட்டி லிஸ்ட்ல அவ பேர். குழந்தைகளுக்கு மஞ்சள் 24 கேன்யுலாவை (டிரிப்ஸ் ஏத்துற சின்ன ஊசிக்குழாய்) ஒரே குத்துல போடுற கை அவளுக்குத்தான். இன்சார்ஜ் அக்கா வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம்னு தடுக்கவும் இல்லை. "பாத்துக்கிடு மக்களே" மட்டும்தான். வந்துட்டா.

விடியக்காலம் மூணு மணி. வலிப்பு வந்த குழந்தை அப்பதான் அடங்கித் தூங்குது. ஸ்டூல்ல உட்கார்ந்து ஷூவைக் கழட்டினா. க்ரேப் பேண்டேஜ் கணுக்கால்ல மட்டும் நாலு சுத்து. அதுக்குக் கீழ பாதம் உப்பி, விரலெல்லாம் கருநீலம். பேண்டேஜைப் பிரிச்சா அந்தத் துணியோட நெசவு அப்படியே தோல்ல பதிஞ்சிருக்கு. வீட்டுல இருந்திருக்கலாமேன்னு கேட்டா, "எக்கா, நான் வராட்டா இன்னொருத்திக்கு நைட் போட்டிருப்பாங்க. அவளுக்க பிள்ளைக்கு இது முதல் கிறிஸ்மஸ்"ங்கிறா.

இந்த மாதிரி பார்த்தவங்க எழுதுங்க.

தக்கலை பிசியோ:

பார்த்திருக்கேன், ஒண்ணு ரெண்டு இல்லை. ஒரு தியேட்டர் சிஸ்டர் இதே மாதிரி சுளுக்கோட டைக்ளோபெனாக் ஊசி போட்டுக்கிட்டு டூட்டி முடிச்சு வந்தாங்க. படம் எடுத்தா அஞ்சாவது விரல் எலும்போட அடிப்பக்கம் உடைஞ்சிருந்தது. வலி தெரியாததால அந்த உடைஞ்ச காலை ஊன்றி ராத்திரி பூரா நடந்திருக்காங்க.

அந்த பேண்டேஜ் விஷயம் கேட்டதும் சும்மா இருக்க முடியலை. நர்ஸுகளே தப்பாக் கட்டுறது இதைத்தான். கணுக்கால்ல மட்டும் இறுக்கினா நீர் கீழே தேங்கும். நாலு இஞ்சு பேண்டேஜ் எடுங்க. பாதம் காலுக்கு நேர் செங்கோணத்துல இருக்கணும். விரலுக்கு அடியில தொடங்கி, எட்டு வடிவத்துல குதிகாலைச் சுத்தி, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதியை மூடுற மாதிரி கெண்டைக்கால் வரை போங்க. கீழே கொஞ்சம் அழுத்தம், மேலே போகப்போகத் தளர்வு. விரல் நுனி வெளியே தெரியணும். நகத்தை அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுல சிவப்பு திரும்பணும். திரும்பலைன்னா பிரிச்சுக் கட்டுங்க. படுக்கப் போறப்போ கழட்டிடுங்க.

எக்ஸ்ரே வேணுமான்னு முடிவு பண்ண ஒட்டாவா விதி இருக்கு. கணுக்கால் முட்டி ரெண்டுலயும் பின்விளிம்புல, நுனியிலிருந்து மேல 6 செ.மீ. வரைக்கும் எலும்பை அமுக்கிப் பாருங்க. அப்புறம் பாதத்தோட வெளிப்பக்கம் அஞ்சாவது விரல் எலும்பின் அடி, உள்பக்கம் நாவிகுலர்ங்கிற எலும்பு. இதுல எங்க எலும்பு வலிச்சாலும் படம் எடுக்கணும். விழுந்த உடனேயும் இப்பவும் நாலு அடி வைக்க முடியலைன்னாலும் எடுக்கணும்.

முதல் ரெண்டு நாள் ஐஸைத் துணியில சுத்தி 15, 20 நிமிஷம், ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை. நேரடியாத் தோல்ல வைக்காதீங்க. தைலம் போட்டுத் தேய்க்கிறது, சுடுதண்ணி ஒத்தடம், நீவி விடுறது எதுவும் இந்த நேரத்துல வேண்டாம், வீக்கம்தான் கூடும். அதுக்குப்பிறகு காலை அசைக்காம வைக்கிறதும் தப்பு. கால் கட்டை விரலால காத்துல அ, ஆ எழுதச் சொல்லுங்க. லேசான சுளுக்குன்னா ஒண்ணு ரெண்டு வாரம். எலும்பை இணைக்கிற நார் பாதி கிழிஞ்சா மூணுலேர்ந்து ஆறு வாரம். முழுசா அறுந்தா மூணு மாசம்கூட ஆகும். டூட்டிக்குப் போகலாமான்னு தெரிய, அடிபட்ட ஒரே கால்ல 30 செகண்ட் நிக்கணும், அதே கால்ல குதியைத் தூக்கி இறக்கணும், படி இறங்கணும். மூணும் வலியில்லாம வரணும். இல்லாம வார்டுக்குப் போனா அதே கால் மறுபடியும் மடங்கும், ரெண்டாவது தடவை ஆற இன்னும் நாளாகும்.

சர்ஜரி வார்டு இன்சார்ஜ்:

பிசியோ சார், கால் பத்தி நீங்க சொன்னது எல்லாம் சரி. ஆனா குற்ற உணர்ச்சி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம பேண்டேஜ் கட்டிப் பிரயோஜனம் இல்லை.

நம்ம மாவட்டத்துல லிஸ்ட் போடுறது வேற ஊர் மாதிரி இல்லை. டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழா, அப்புறம் கிறிஸ்மஸ், புது வருஷம். அந்தப் பக்கம் தீபாவளி, பொங்கல், சிவராத்திரி, மாசியில மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை. மேற்கே விளவங்கோடு பக்கம் திருவோணமும் உண்டு. எல்லா வார்டுலயும் சொல்லாமலே ஒரு கணக்கு ஓடும்: நீ என் கிறிஸ்மஸைப் பாரு, நான் உன் சிவராத்திரியைப் பார்க்கிறேன். சிவாலய ஓட்டம் முடிஞ்சு பன்னிரண்டு கோயில் ஓடினவங்க பாதம் கொப்பளிச்சு, தண்ணி வத்திப்போய் கேஷுவாலிட்டிக்கு வர்ற ராத்திரியில பெனடிக்டா சிஸ்டரும் ஜெனிட்டா சிஸ்டரும் நிப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும் (பேரை மாத்தியிருக்கேன்). அதுக்குப் பதிலாத்தான் டிசம்பர்ல அவங்களுக்கு லீவு.

இதுல ஒருத்தி கால் உடைச்சா மேனேஜ்மெண்டுக்கு நஷ்டம்னு அவ வருத்தப்படலை. தனக்கு வேண்டிய ஒருத்திக்குப் பட்ட கடனைத் திருப்பலையேன்னுதான் வருத்தம். எங்க வார்டுல ஒரு பிள்ளை கையில மாவுக்கட்டோட வந்து வாசல்ல நின்னு, அன்னைக்கு டூட்டி பார்க்க வந்த இன்னொரு பிள்ளைக்க கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. டூட்டி பார்க்க வந்தவளுக்கோ கோபமே இல்லை, "செரி, நீ வீட்டுக்குப் போ பிள்ளே"ன்னு தள்ளிக்கிட்டு இருந்தா.

அதனால இன்சார்ஜ் செய்ய வேண்டியதைச் சொல்றேன். பண்டிகை லிஸ்ட்ல ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கீழே ஒரு ரிசர்வ் பேர், லிஸ்ட் ஒட்டுற அன்னைக்கே எழுதணும். அந்த ரிசர்வ் ஆளுக்கு, கூப்பிட்டாலும் கூப்பிடாட்டாலும் ஒரு காம்ப் ஆஃப் (பதில் லீவு) உண்டுன்னு முன்கூட்டியே நர்ஸுகளுக்கு மேல இருக்கிற மேட்ரன்கிட்ட கையெழுத்து வாங்கணும். மாத்து டூட்டியை வாய்வார்த்தையா விடாம ஒரு நோட்டுல எழுதணும்: யாருக்காக யார், எந்தத் தேதி, எப்ப திருப்புறது. அடிபட்டவ ஃபோன் பண்ணினா "பாத்துக்கிடு"ன்னு சொல்லக் கூடாது. அந்த ஒரு வார்த்தை முடிவை அவ தலையில போட்டுடுது. "நீ வரவேண்டாம், இன்னார் வர்றாங்க"ன்னு பேர் சொல்லி முடிக்கணும். குழந்தை வார்டு எழுதினவங்க கோவிக்கக் கூடாது, உங்க இன்சார்ஜ் தவறினது அங்கதான்.

குழந்தை வார்டு:

கோவம் இல்லைக்கா. ஆனா அன்னைக்கு ரிசர்வ்னு போட ஆளே இல்லை. மூணு பேர் ராஜினாமா கொடுத்து வெளிநாடு போயிருந்தாங்க.

சர்ஜரி வார்டு இன்சார்ஜ்:

அப்படின்னா பக்கத்து வார்டுலேர்ந்து கேக்கணும். அதைக் கேக்க வேண்டியதும் இன்சார்ஜ்தான். சுளுக்குப் பிடிச்ச பிள்ளை இல்லை.

ஆபீஸ் பக்கம்:

எல்லாரும் வீட்டுல விழுந்ததையே பேசுறீங்க. டூட்டியில அடிபட்டு, அதை மறைக்கிறவங்களும் இருக்காங்க.

ஒரு சிஸ்டர், பண்டிகை நாள், வார்டுல ரெண்டு பேர்தான். கனத்த நோயாளியைக் கட்டில்லேர்ந்து ஸ்ட்ரெச்சருக்கு இழுக்கிறப்போ இடுப்பு பிடிச்சிடுச்சு. ஓ.பி.யில டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டதுக்கு "வீட்டுல குனிஞ்சப்போ"ன்னு சொல்லிட்டாங்க. வார்டுக்குக் கெட்ட பேர் வந்துடக்கூடாதுன்னு. அந்தச் சீட்டுல எழுதின ஒரே வரி, அதுக்குப்பிறகு மாத்த முடியலை. பணியிடக் காயம்னு விண்ணப்பிச்சப்போ முதல்ல அந்தச் சீட்டைத்தான் எடுத்துக் காட்டினாங்க.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிற ஆஸ்பத்திரியா இருந்தா (மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) வித்தியாசம் இதுதான். சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துல அதிகபட்சம் 91 நாள், அதுக்கும் பங்களிப்பு நாள் கணக்கு (எத்தனை நாளுக்குப் பணம் கட்டியிருக்குன்னு) பார்ப்பாங்க. பணியிடக் காயத்துக்கு 90 சதவீதம், பங்களிப்பு நாள் கணக்கு கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. அடிபட்ட நாளை விட்டுட்டு மூணு நாளாவது வேலை செய்ய முடியாம இருக்கணும். நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: 2010 திருத்தத்துக்குப் பிறகு வீட்டுலேர்ந்து டூட்டிக்கு வர்ற வழியிலயும் திரும்புற வழியிலயும் நடக்கிற விபத்து, வேலையோட தொடர்பு இருந்தா, பணியிடக் காயம்தான். மார்த்தாண்டம் பாலத்துக்கிட்ட மழையில ஸ்கூட்டர் வழுக்கினாலும் சரி.

அன்னைக்கே விபத்துப் பதிவேட்டுல எழுதுங்க. நேரம், இடம், என்ன செய்துக்கிட்டிருந்தீங்க, கூட யார் இருந்தாங்க. ஓ.பி. சீட்டுல "டூட்டியில்"ங்கிற வார்த்தை வரணும். ஃபோட்டோ எடுத்து வையுங்க. அடிபட்ட நாளை மாத்து டூட்டியாக் காட்டி சமாளிக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. வேலை செய்ததா ரெக்கார்டு ஆயிடும்.

ஆர்த்தோ வார்டு:

மேலே உள்ளவர் சொன்ன இடுப்புக்குக் காரணம் "கனத்த நோயாளி" இல்லை, ரெண்டு பேர்ங்கிறதுதான். அமெரிக்காவுல நையோஷ்ங்கிற பணியிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் நோயாளியைக் கையால தூக்க வைக்கிற வரம்பு 16 கிலோ சுமார். 60 கிலோ ஆளுக்க ஒரு காலே ஏறக்குறைய 10 கிலோ வரும். முதல்ல கட்டில், ஸ்ட்ரெச்சர் ரெண்டுலயும் பிரேக் போடுங்க. ஸ்ட்ரெச்சரைக் கட்டிலைவிட ஒரு விரல்கட்டை தாழ்த்தி ஒட்டி வையுங்க. டிரா ஷீட்டை (நோயாளிக்கு அடியில விரிச்ச துணி) சுருட்டி உடம்போட ஒட்டிப் பிடிங்க. நாலு பேர், ஒருத்தர் எண்ணணும். தூக்காம வழுக்கி இழுங்க. இடுப்பைத் திருப்பாம காலை மாத்தி வையுங்க. ஆள் இல்லைன்னா வாட்ச்மேனைக் கூப்பிடுங்க, நோயாளிக்க சொந்தக்காரங்களைக் கூப்பிடுங்க.

கேஷுவாலிட்டி பழையவர்:

2017 ஒக்கி புயல். நவம்பர் 30, கோட்டார் திருவிழா நடந்துக்கிட்டிருந்த நேரம். ரோடு முழுக்க ரப்பரும் தென்னையும் சாய்ஞ்சு கிடக்கு, போஸ்ட் கம்பம் எல்லாம் கீழே, கரெண்டு இல்லை. மணிக்கட்டு முறிஞ்சு முழங்கைக்குக் கீழ மாவுக்கட்டு போட்ட சிஸ்டர் ஒருத்தங்க, ஒருத்தரும் கூப்பிடாம மழையில நடந்து வந்தாங்க. கட்டுல தண்ணி படாம இருக்க பாலித்தீன் கவரை ரப்பர்பேண்ட் போட்டு மாட்டியிருந்தாங்க. வந்த உடனே ஊசி மருந்தை எடுத்தாங்க. ஒத்தைக் கையால ஆம்பூலை (கண்ணாடி மருந்துக்குப்பி) மேசை விளிம்புல வச்சு உடைக்கப் பார்த்தாங்க. அது சிதறி விரல் கிழிஞ்சுது. அந்த ரத்தச் சொட்டு ரெஜிஸ்டர்ல விழுந்ததுதான் ஞாபகம் இருக்கு.

மாவுக்கட்டு போட்ட கை நோயாளிகிட்ட போகவே கூடாது. கையைத் தேய்ச்சுக் கழுவ 40லேர்ந்து 60 செகண்ட் வேணும், மணிக்கட்டு வரை. கட்டுக்குள்ள அது நடக்காது. கட்டுமேல கையுறை போட்டாலும் சுத்தம் ஆகாது. ஐ.வி., டிரெஸ்ஸிங், பிரசவ அறை, குழந்தை எடுக்கிறது எதுவும் கிடையாது. சீனியர் டாக்டர் அன்னைக்கு அவங்களை வாசல் மேசையில உட்கார வச்சார். வர்றவங்க பேர், ஊர், எந்தப் படகுன்னு எழுதுறது. காணாமப் போனவங்களைத் தேடி வர்ற ஆட்களுக்குப் பதில் சொல்றது. மருந்து இருப்பு எண்ணுறது. விடியிற வரை அந்த ஒரு வேலைக்கே மூணு ஆள் தேவைப்பட்டது.

அதுக்காக வீட்டுல இருக்கிறவங்களை உட்கார்ற வேலைக்குன்னு கூப்பிடலாம்னு சொல்ல வரலை. லைட் டூட்டின்னா டாக்டர் கைப்பட என்ன செய்யலாம், என்ன கூடாதுன்னு எழுதித் தரணும். எழுத்து இல்லாத லைட் டூட்டி பத்து மணிக்குள்ள முழு டூட்டி ஆயிடும்.

தக்கலை பிசியோ:

அது நூத்துக்கு நூறு. குழந்தை வார்டு, அந்த சிஸ்டருக்குப் படம் எடுத்தாங்களா?

குழந்தை வார்டு:

மூணரைக்கு வீட்டுக்கு அனுப்பினோம், அவங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனார். மறுநாள் எடுத்தாங்க. எலும்புக்கு ஒண்ணும் இல்லை, நார் பாதி. அஞ்சு வாரம். இன்சார்ஜ் அக்கா சொன்ன மாதிரி இப்ப வார்டுல நோட்டு போட்டாச்சு. முதல் பக்கத்துல அவ கையெழுத்துலயே இருக்கு: டிசம்பர் 24 நைட், மீதி நாலு மணி நேரம், திருப்புறது மண்டைக்காடு கொடை கடைசிச் செவ்வாய்.