கிட் விமானம் தேடிப் போனபோது சந்தித்தவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொங்குப் பறவை (டல்லாஸ்):
பாகங்களாக வாங்கி நாமே கட்டும் கிட் விமானம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தச் சனிக்கிழமை மனதைவிட்டுப் போகவில்லை. வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசையில் 7ஏ வாங்குவதா, 9ஏ வாங்குவதா என்று நான் அலைபாய்ந்துகொண்டிருந்த நேரம். ஏறக்குறைய முடிந்துவிட்ட ஆர்வி-6 ஒன்றை ஒருவர் விற்பதாகக் கேள்விப்பட்டு, வேலைப்பாட்டைப் பார்த்து வரலாமே என்று போனேன்.

கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படியொரு வேலை. இறக்கைத் தகட்டில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல வரிசை பிசகாமல் இருந்தன. விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தட்டவில்லை. பதினோரு ஆண்டு உழைப்பு. "பிறகு ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து கண்ணாடி மூடியை இழுத்தார். ஆறடி நான்கு அங்குலம் இருப்பார். மூடி உச்சந்தலையில் இடித்து நின்றது. மெத்தையை எடுத்துவிட்டு வெறும் தகட்டின்மேல் உட்கார்ந்தார். அப்போதும் மூடவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கிட் வாங்கிய நாளிலிருந்து அன்றுவரை, பறக்கும் நிலையில் உள்ள ஓர் ஆர்வி-6இல் அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லையாம்.

மறுமாதமே வான்ஸ் நிறுவனம் இருக்கும் ஓரிகன் மாநில அரோராவுக்கு டிக்கெட் எடுத்தேன். ஒவ்வொரு மாதிரியிலும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முன்பணம் கட்டினேன். வானில் குட்டிக்கரணம் அடிக்கும் ஆசை எனக்கு இல்லை. நீண்ட இறக்கை, மெதுவாகத் தரையிறங்கும் குணம் என்று 9ஏ எனக்குப் பொருந்திவிட்டது. உயரமானவர்கள் ஆர்வி-14ஐ ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கரிசல்மண் (சான் ஹோசே):
கொங்குப் பறவை சொல்வதை என்னால் பாதிதான் ஏற்க முடியும். ஓர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது உயரத்துக்குச் சரி. கட்டப்போகும் பொருள் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது.

விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி விமானத்தின் மீது எனக்குப் பைத்தியம். நுரைக்கட்டையை வெட்டி, கண்ணாடி இழைத் துணி போர்த்தி, எபாக்சி என்ற பிசினைப் பூசி வடிக்கும் விமானம் அது. அதைக் கட்டுவதற்கான வரைபடத்தின் விற்பனை 1985இலேயே நின்றுவிட்டது என்றாலும், பாதியில் நின்ற விமானங்கள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கும் முன் யோசனை கேட்க, கட்டி முடித்த பெரியவர் ஒருவரிடம் போனேன். சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வெடித்துச் சிவந்திருந்தது. தொடக்கத்தில் கையுறை போடாமல் பிசைந்தாராம். ஒவ்வாமை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு விடுவதில்லை. பக்கத்து அறையில் யாராவது எபாக்சி கலக்கினாலே அவருக்கு இமை வீங்கிவிடும். தான் கட்டிய விமானத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் தானே பூச முடியாது என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நான் அலுமினியத்துக்கு மாறினேன்.

வால்சக்கரம் (டென்வர்):
லாங்-ஈஸி பேச்சு வந்ததால் நானும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விற்பனைக்கு வந்த ஒன்றைப் பார்க்க நண்பனோடு போயிருந்தேன். வரைபடப்படி, ஒரு எரிபொருள் தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திருகு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவரான விற்பவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வராமல் இருக்க அப்படிச் செய்ததாகப் பெருமையோடு சொன்னார். உள்ளே உட்கார்ந்து வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டு திருகை எட்ட முயன்றேன், கை போகவில்லை. பட்டையைத் தளர்த்தி உடம்பை முறுக்கியபோதுதான் விரல் பட்டது. அந்த நொடியில் வெளியே இறக்கை முனையில் நின்றிருந்த நண்பன், "ஏன் சுக்கானை மிதிக்கிறாய்?" என்று கத்தினான். நான் மிதித்ததே எனக்குத் தெரியாது. திரும்பும்போது வலது கால் தானாக அழுத்தியிருக்கிறது. பறக்கும்போது அப்படி அழுத்தினால் விமானம் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று மாண்டரே விரிகுடாவில் விழுந்து இறந்ததும் இதேபோலத் திருகு இடம் மாறிய விமானத்தில்தான். எனக்கு அது தெரியும். ஆனாலும், "நல்ல வேலைப்பாடு, யோசித்துச் சொல்கிறேன்" என்று கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

பழைய பட்டறை (ஒஹாயோ):
தம்பி வால்சக்கரம், நீ சொல்லியிருக்க வேண்டும். மரியாதை பார்க்கும் இடம் இதுவல்ல.

என் கதை சின்னது. விமானம் கட்டுபவர்களின் சங்கமான இஏஏ-வின் உள்ளூர்க் கிளையின் தொழில்நுட்ப ஆலோசகர் என் வால் பகுதிக்குள் டார்ச் அடித்து, பிறைபோல நசுங்கிய ஒரு ரிவெட்டைக் காட்டினார். துளையிட்டு எடுத்து மறுபடி அடித்தேன். இதற்கு அவர் ஒரு காசு வாங்கவில்லை. எல்லோரும் கூப்பிடுங்கள்.

இன்னும் சில சொல்ல வேண்டும். முழு கிட்டையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். வால் பகுதியை மட்டும் வாங்கி முடித்துப் பாருங்கள், மாலை நேரங்கள் எங்கே போகின்றன என்பது புரியும். கிட்டின் விலையைப் பார்த்து மகிழாதீர்கள். இயந்திரம், சுழலி (புரொப்பெல்லர்), கருவிப் பலகை எல்லாம் சேர்ந்தால் அதைத் தாண்டிப் போய்விடும். பெரும்பகுதியை நீங்களே கட்டியிருக்க வேண்டும் என்ற அமெரிக்க அரசின் 51 சதவீத விதிக்காக, ஒவ்வொரு நாள் வேலையையும் படத்தோடு பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவைக் காட்டித்தான் ஆண்டுச் சோதனையை நீங்களே செய்துகொள்ளும் சான்றிதழைக் கேட்க வேண்டியிருக்கும். கட்டியவருக்கு மட்டுமே தரும் அந்தச் சான்றிதழ், முடிந்த விமானத்தைக் காசு கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்காது. கடைசியாக, எங்கே பறக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். புல்தரையில் இறங்குபவருக்கு வேகமான விமானம் எதற்கு? தகடும் வேண்டும், நுணுக்கமான ரிவெட் வேலையும் வேண்டாம் என்றால் ஆர்வி-12 அல்லது ஜெனித் 750 பாருங்கள். இழுத்து இறுக்கும் ரிவெட்தான், ஒருவரே அடிக்கலாம்.

கொங்குப் பறவை:
ஐயா, நன்றி. கரிசல்மண் சொன்னதும் சரிதான், நான் அதை யோசிக்கவில்லை. வால்சக்கரம், அவர் எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

வால்சக்கரம்:
இருந்தது. நேற்று இரவு அழைத்தேன். கோடையிலேயே விற்றுவிட்டாராம். திருகைப் பற்றிச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வாங்கியவரின் எண்ணைத் தேடித் தருவதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை. மாலையில் மறுபடியும் அழைப்பேன்.