ஃபுளோரைட் மோதிரக் கல் மங்கிவிட்டது, உள்ளே வானவில் கோடு: மெருகு ஏற்றலாமா?

மாதுளைமுத்து:
ஊதாவும் பச்சையும் மாறி மாறி ஓடும் ஓவல் கல், 12 × 10 மி.மீ., வெள்ளி மோதிரத்தில் நான்கு நகப் பதிப்பு (கல்லைப் பிடிக்கும் உலோகக் கொக்கிகள்). தினமும் அணிவது. மேல்பட்டை (கல்லின் மேலே வெட்டிய தட்டையான முகம்) புகை படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, பட்டை விளிம்புகளும் மழுங்கியிருக்கின்றன. அல்ட்ராசோனிக்கில் (ஒலி அதிர்வால் கழுவும் கருவி) கழுவிய பிறகு ஒரு நகத்தின் அடியிலிருந்து உள்ளே கோடு தெரிகிறது, சாய்த்தால் வானவில் நிறம் காட்டுகிறது. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வருமா? இது உண்மையில் ஃபுளோரைட்தானா, இல்லை அமெதிஸ்ட் (ஊதா குவார்ட்ஸ்) வகையா?

பட்டைக்கல்:
முதலில் பற்பசையை மறந்துவிடுங்கள். அதில் இருக்கும் சிலிக்கா கல்லை மேலும் கீறும். ஃபுளோரைட்டின் கடினம் மோஸ் அளவில் (1 முதல் 10 வரையிலான கடின அளவுகோல்) 4. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள் 7. அதனால் உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதே கீறல்தான். உங்கள் மேல்பட்டை மங்கியது பெரும்பாலும் இப்படித்தான்.

அந்தக் கோடு அழுக்கு இல்லை, பிளவு. ஃபுளோரைட் நான்கு திசைகளில் சுத்தமாகப் பிளக்கும். பிளவுக்குள் புகுந்த மெல்லிய காற்றுப் படலத்தில் ஒளி பட்டுத்தான் வானவில் தெரிகிறது. நகத்தின் அழுத்தத்தில் தொடங்கியதை அல்ட்ராசோனிக் அதிர்வு நீட்டியிருக்கும். இந்தக் கல்லுக்கு அல்ட்ராசோனிக்கும் ஆகாது, நீராவியும் ஆகாது. இப்போதைக்கு மோதிரத்தை விரலில் போட வேண்டாம்.

தராசு:
அமெதிஸ்ட்டா என்பதற்கு: கல்லைக் கழற்றிய பின் காற்றில் எடை போடுங்கள், பிறகு நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடை போடுங்கள். காற்று எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி. ஃபுளோரைட் 3.18, அமெதிஸ்ட் 2.65. நூலில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும். 0.01 கிராம் காட்டும் தராசு போதும், ஆனால் இவ்வளவு சிறிய கல்லில் இரண்டாம் தசமத்தை நம்பாதீர்கள்.

கண்ணாடியை இந்தச் சோதனை மட்டும் பிரிக்காது, சில கண்ணாடிகளும் 3-க்கு மேல் போகும். ஒளிவிலகல் எண்ணும் பார்க்க வேண்டும்: ஃபுளோரைட்டுக்கு 1.434, வழக்கமான கண்ணாடிகளைவிடக் குறைவு. புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் நல்ல அறிகுறி, ஒளிராவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. (இப்படி ஒளிர்வதற்கு ஃபுளோரசன்ஸ் என்ற பெயரையே 1852-ல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் இந்தக் கனிமத்திலிருந்துதான் எடுத்தார்.)

மாதுளைமுத்து:
கழற்றிவிட்டேன். காற்றில் 1.20 கிராம், நீரில் 0.82. 1.20 ÷ 0.38 = 3.16. பிளவு கல்லின் நீளத்தில் கால் பங்கு வரை போகிறது. பட்டறையில் மறுமெருகு செய்வதானால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பட்டைக்கல்:
ஃபுளோரைட்டோடு பொருந்துகிறது, அமெதிஸ்ட் இல்லை. அதுவானால் நீரில் 0.45 குறைந்திருக்கும்.

பட்டறையில் சொல்ல வேண்டியதில் முக்கியமானது சூடு. மெருகு போடும்போது கல்லைப் பிடிக்கும் தண்டில் ஒட்டச் சூடான அரக்கு வேண்டாம். திடீர் வெப்பத்தில் பிளவு ஓடிவிடும். அறை வெப்பத்தில் சூப்பர் குளூ போட்டு ஒட்டி, வேலை முடிந்ததும் அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றலாம். ஆனால் கல்லில் ஏற்கெனவே பிசின் ஏற்றியிருந்தால் அசிட்டோன் அதையும் தின்னும். லென்ஸில் பிளவுக்குள் குமிழியோ மஞ்சள் படலமோ தெரிகிறதா என்று முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

1200 கிரிட்டில் (தேய்ப்புத் துகளின் அளவெண், எண் கூடக்கூட மென்மை) கீறலை எடுத்து, 3000-ல் மென்மையாக்கி, மெழுகுத் தட்டில் 0.3 மைக்ரான் அலுமினாத் தூள் கொண்டு மெருகு. மெதுவான சுழற்சி, சொட்டுச் சொட்டாக நீர், லேசான கை. ஒரு பட்டை மட்டும் எவ்வளவு தேய்த்தும் செதில் செதிலாகப் பெயர்ந்தால், அது பிளவுத் தளத்துக்கு இணையாக நிற்கிறது என்று அர்த்தம். அங்கே அழுத்தக் கூடாது. கோணத்தைச் சில டிகிரி சாய்த்து மறுபடி வெட்ட வேண்டும்.

ஒளிக்கீற்று:
பிளவுக்குள் நீர்த்த எபாக்ஸி இறக்கிவிட்டு மெருகு போடலாமே? வானவில்லும் மறையும்.

பட்டைக்கல்:
மறையும், ஆனால் கல்லின் பலம் திரும்பாது. பிறகு விற்றால் நிரப்பியது என்று சொல்லியே விற்க வேண்டும். கால் பங்கு பிளவுக்கு என் தேர்வு வேறு: பிளவுள்ள முனையை அரைத்து நீக்கி, 9 × 9 மி.மீ. அளவில் வட்டமாக வெட்டுவது.

வெள்ளிப்பூ:
மோதிரத்தைப் பற்றி ஒன்று. கல் உள்ளே இருக்கும்போது பற்றவைக்கவோ, அமிலத்தில் போடவோ கூடாது. கந்தக அமிலம் ஃபுளோரைட்டோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து. வெள்ளி கறுத்தால் முக்கி எடுக்கும் கரைசலும் அமிலம் கலந்ததே. துணியால் உலோகத்தை மட்டும் தேயுங்கள். கல்லுக்கு அறை வெப்ப நீரும் இரண்டு சொட்டு மென்சோப்பும் போதும். முதலில் நீரில் அலசித் தூசியை இறக்கிவிட்டு, அப்புறம் மென் பிரஷ். வெயில் விழும் ஜன்னலில் வைக்காதீர்கள், சில ஃபுளோரைட் நிறம் வெளுக்கும். மற்ற நகைகளோடு ஒரே பெட்டியிலும் வேண்டாம்.

மாதுளைமுத்து:
வட்டமாக வெட்டிய கல்லை அதே மோதிரத்தில் வைக்கலாமா?

வெள்ளிப்பூ:
வேண்டாம், பதக்கமாக்குங்கள். நகத்துக்குப் பதில் கல்லைச் சுற்றி மெல்லிய தூய வெள்ளி ஓரம் வைத்து, எதிரெதிர் பக்கங்களாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக மடக்கச் சொல்லுங்கள். கல் அமரும் படியில் ஒரு வெள்ளித் துகள் இருந்தாலும் அந்தப் புள்ளியில் அழுத்தம் குவிந்து புதுப் பிளவு தொடங்கும். மடக்கும் முன் லென்ஸில் படியைப் பார்த்துத் துடைத்துவிட வேண்டும்.